வடக்கே தலை வைத்த நஜீமா

நஜீமாவின் கால் ஒடிந்ததற்கு நஜீமாவேதான் காரணம். ஜட்கா வண்டி நிற்பதற்கு முன்பே பெரிய கடை வீதியில் குதித்தால் வேறென்ன ஆகும்? முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அது 1937ஆம் வருடத்து மார்கழி மாதம். திருச்சியில் வீட்டுக்கு வீடு இருமல். ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம்.

பெண்கள் வார்டில் ஐந்து கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எல்லாருடைய தலையும் தெற்குச் சுவர்ப் பக்கம். வாசலோரம் வீரம்மாள். அடுத்து நான்கு வயது அஞ்சலை. பிறகு ராக்கம்மாள், நஜீமா. கடைசியில் லூர்துராணி டீச்சர்.

அஞ்சலை துறையூர்ப் பக்கத்துக் குழந்தை. நிமோனியா காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் கண் விழித்து, கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தாள். குடித்த தெம்பில் நாள் முழுக்க, "நஜீமாக்கா! நஜீமாக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத நஜீமாவுக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆசை.

ஒரு காலையில் டாக்டரம்மா அஞ்சலையின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு நர்ஸ் ரோசரியிடம் மெல்லச் சொன்னார்.

"இன்னொரு தடவை சளி புடிச்சா இந்தப் புள்ளை நெஞ்சு தாங்காது. ஜாக்கிரதை."

மெல்லச் சொன்னதுதான் நஜீமாவின் காதில் நன்றாக விழுந்தது.

அன்று மத்தியானம் வீரம்மாள் இருமத் தொடங்கினாள். சாயங்காலம் ராக்கம்மாள் தும்மினாள். அஞ்சலை இருவருக்கும் நடுவில் இருந்தாள்.

இருமல்காரர்களுக்கென்று தோட்டத்தில் ஒரு கொட்டகை உண்டு. அங்கே ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லை. நர்ஸ் ரோசரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சரி, ஒண்ணு செய்வோம். ஒருத்தர் விட்டு ஒருத்தர் தலையைத் திருப்பிப் படுங்க. இருமும்போது எச்சில் தெறிக்குதுல்ல? அது பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சில படாம கால்ல படும். காலுக்குச் சளி புடிக்காது."

நல்ல யோசனைதான். ஆனால் அப்படித் திருப்பினால் அஞ்சலையின் தலை வடக்கே போகும். அவளுடைய அம்மா காத்தாயி பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! இப்பத்தான் பொழைச்சு எழுந்திருக்கு. வடக்கே தலை வைக்கவா? செத்தவங்களைத்தானே அப்படிப் படுக்க வைப்பாங்க!"

"அப்ப நீங்க திரும்புங்க வீரம்மா" என்றாள் நர்ஸ்.

"நான் மட்டும் சாகவா வந்தேன்? நல்லா இருக்கே!" என்று வீரம்மாள் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் இருமலும் வந்தது.

"என்னையும் கேக்காதீங்க" என்று ராக்கம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நர்ஸ் ரோசரி கெஞ்சினாள். அதட்டியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நஜீமா கட்டில்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"நர்ஸம்மா, வடக்கே தலை வைக்க மாட்டோம்னு சொல்றது மூணு பேருதானே? எங்க வீட்டுல வடக்கே தலை வச்சுத்தான் படுப்போம். எங்களுக்குத் தொழுகிற திசை மேற்கு, அங்கே காலு போகக் கூடாது, அவ்வளவுதான். டீச்சர், உங்களுக்கு எப்படி?"

"எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்" என்றார் லூர்துராணி டீச்சர்.

"அப்ப எங்க ரெண்டு பேரையும் இடம் மாத்திப் போடுங்க. வீரம்மா பெரியம்மா, அடுத்து நான். நடுவுல அஞ்சலை, அப்புறம் டீச்சர். கடைசியில ராக்கம்மா அக்கா. நானும் டீச்சரும் மட்டும் தலையைத் திருப்பிக்கறோம்."

நர்ஸ் ரோசரி விரலை நீட்டி ஒவ்வொரு கட்டிலாகக் காட்டிப் பார்த்தாள். தெற்கு, வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு. இருமுகிறவர்கள் இரண்டு ஓரத்திலும், அஞ்சலை நடுவிலும்!

"அடி சமர்த்து! ஆனா நீ வீரம்மா பக்கத்துல வர்றியே. உனக்கு ஒட்டிக்கிட்டா?"

"ஒடைஞ்சது காலுதானே நர்ஸம்மா? நெஞ்சு நல்லாத்தான் இருக்கு."

காத்தாயி கண் கலங்க நஜீமாவைப் பார்த்தாள். வீரம்மாளுக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.

"அது சரி, இத்தனூண்டு பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா காலை நீட்டிக்கிட்டுக் கெடக்குமா? மரியாதையா இது?"

"இது என் காலே இல்ல பெரியம்மா. ஆறு வாரத்துக்கு டாக்டரம்மா காலு. அரிச்சாக்கூட எனக்குச் சொறிய உரிமை இல்ல" என்று நஜீமா மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

வீரம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாக மாறியது. நர்ஸ் கையில் திணித்த துணியால் வாயை மூடிக்கொண்டு இருமி முடித்தாள்.

"சரி சரி, டாக்டரம்மா காலுன்னா கெடந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

உடனே கட்டில்கள் நகர்ந்தன. அன்றிலிருந்து வீரம்மாளும் ராக்கம்மாளும் இருமல் வந்தால் துணியைத் தேடி எடுத்தார்கள். குளிருகிறது என்று முனகினாலும், காற்றோட்டத்துக்காக நர்ஸ் திறந்து வைத்த ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. நஜீமாவுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. அதோடு சரி. காத்தாயி காலையும் மாலையும் அஞ்சலையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா அஞ்சலையின் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். நஜீமா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"சுத்தமா இருக்கு. புள்ளையைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா.

துறையூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காத்தாயி மூட்டையை எடுத்துக்கொண்டாள். நஜீமாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள்.

அஞ்சலை வாசல் வரை தானே நடந்து போனாள். அங்கே நின்று, நல்ல பிள்ளையாகத் திரும்பி, "போயிட்டு வரேன் நஜீமாக்கா!" என்றாள்.

"வரேன்னு சொல்லாதே!" என்று வார்டு முழுவதும் ஒரே குரலில் அலறியது. "ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லக் கூடாது! போறேன்னு சொல்லு!"

அஞ்சலை ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு இருமல்கூட இல்லாமல், தோட்டத்துக் கொட்டகை வரை கேட்கும்படி கத்தினாள்.

"போறேன்!"