ஆவி சொன்ன சாட்சி

"ஐயோ... சதீசன்!"

நவோமியின் அலறல் பாலிக் புலாவ் பங்களாவையே உலுக்கியது.

மாடிப்படியின் அடியில் சதீசன் குப்புறக் கிடந்தான். தலையைச் சுற்றி ரத்தம்... அசைவே இல்லை!

அது நேற்று மத்தியானம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது.

இன்று காலை எட்டு மணிக்கு நவோமிக்கு இன்ஸ்பெக்டர் குமுதாவிடமிருந்து போன். ஒரே வரி.

"சாரிம்மா... சதீசன் போயிட்டாரு."

பத்து மணிக்கு நவோமி, குமுதா, பரமநாதன் மூவரும் அதே பங்களாவில் உட்கார்ந்திருந்தார்கள். அது, எல்லாரும் 'ஒய்.பி.' என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் பரமநாதனின் ஆவி ஆராய்ச்சி மையம். சதீசன் அங்கே ஆராய்ச்சியாளன். நவோமி காரியதரிசி.

"எதுக்கு வீணா விசாரணை இன்ஸ்பெக்டர்? செத்தவனையே கேட்ருவோம் லா!"

பரமநாதன் ஆவியோடு பேசும் எழுத்துப் பலகையை மேஜை மேல் வைத்து, அதில் ஒரு காசைப் போட்டார்.

நவோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மனுஷன் செத்திருக்காரு ஒய்.பி... இப்பவும் விளையாட்டா?"

"வாயை மூடு! பதினைஞ்சு வருஷ ஆராய்ச்சி இது!"

"ஆராய்ச்சியா? ஆவி போட்டோ எல்லாம் நீங்களே கம்ப்யூட்டர்ல செஞ்சது! பேப்பர்ல சொல்லப் போறேன்னு நேத்து சதீசன் உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. என் காதால கேட்டேன்!"

"திமிரப் பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்?"

"சண்டை அப்புறம்." குமுதா கொட்டாவி விட்டாள். "ஆவியக் கூப்பிடுங்க ஒய்.பி."

பரமநாதன் கண்களை மூடினார். விரலுக்கடியில் காசு நகர்ந்தது.

ந... வோ... மி...

விழுந்து கிடந்தவனை முதலில் பார்த்தவள் நவோமிதான். பக்கத்தில் வேறு யாருமில்லை. போலீஸ் இதை நம்பிவிட்டால்...?

"பொய்! அவருதான் காசைத் தள்றாரு மேடம்!"

"நீதான்டி அவனைத் தள்ளின!"

குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சதீசன் ஆவி இப்ப இங்க இருக்கா? நிச்சயமா?"

"என் தோள்ல கை வச்சிருக்கான். ஐஸ் மாதிரி ஜில்லுங்குது!"

"கோர்ட்லயும் சொல்லுவீங்களா?"

"எங்க வேணும்னாலும்!"

குமுதா கைப்பேசியில் ஒரு நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒய்.பி..." ஈனமான குரல். "நான் சதீசன் பேசுறேன். ஏன் என்னைத் தள்ளினீங்க?"

காசு உருண்டு தரையில் விழுந்தது!

"இ... இல்ல... நான் குனிஞ்சு பாத்தேன்... அவனுக்கு மூச்சே இல்ல..."

"குனிஞ்சு பாத்தீங்களா? அந்நேரம் கெப்பாலா பத்தாஸ்ல மீட்டிங்னு எங்கிட்ட எழுதிக் குடுத்தீங்களே!"

குமுதா கைவிலங்கை எடுத்தாள்.

"விடிகாலையிலயே அவரு கண் முழிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. செத்துட்டார்னு நான்தான் பொய் சொன்னேன். நீங்க என்ன செய்றீங்கன்னு பாக்கணும்ல?"

கைவிலங்கு 'க்ளிக்'கென்று பூட்டியது.

நவோமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உங்க ஆராய்ச்சி சக்சஸ் லா ஒய்.பி... ஆவி போன்லயே பேசுது!"