பன்னிரண்டாவது எழுத்து

மத்தியானம் மூன்று மணிக்கு கரண்ட் போனதும் தெருவிலிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக அடங்கின. காது அடைத்துக்கொண்டது போன்ற அந்த அமைதியில், ஊதுவத்தி வாசனை இன்னும் போகாத உள்ளறையிலிருந்து, ஈரத்தை உறிஞ்சுவது போல ஒரு மூச்சு நீளமாக உள்ளே இழுபட்டு, நாக்குத் தட்டும் ஒரு 'டொக்'கோடு நின்றது. தெய்வநாயகியின் கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்தது. அந்த வீட்டில் அப்படிச் சத்தம் போட்டவர் ஒருவர்தான், அவள் புருஷன் கமலக்கண்ணன். அவருக்கு முந்தாநாள்தான் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

அட, அவர் பேசாத பேச்சா! பட்டுக்கடை வாசலில் நின்றால் பஸ்ஸுக்கு ஓடுகிறவனையும் உட்கார வைத்துவிடுவார். பக்கவாதம் வந்து, அந்த வாய் ஒருபக்கம் கோணிப்போய், மிஞ்சியது பதினோரு சத்தம். தெய்வநாயகி விடுவாளா? சேலைக்கு டிசைன் போடுவது அவள் தொழில். அந்த கிராஃப் தாளையே எடுத்துக்கொண்டு கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் கட்டங்களை நிரப்பி ஒரு எழுத்து. அவர் கண்ணை மூடித் திறந்து 'சரி' என்று காட்டினால் அது சேர்ந்தது. 'ஊ'வும் 'வூ'வும் அவர் வாயில் ஒன்றாகவே வந்ததால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவற்றைக் கோத்து இருவருக்கு மட்டும் ஒரு பாஷை. 'ம்-ஊ' என்றால் தண்ணீர், 'ஆ-க' என்றால் வலி, 'யா-மா' என்றால் அவள். முதல் தடவை அவர் 'யா-மா' என்று கூப்பிட்ட அன்று, சமையலறைக்குள் போய் அழுதாள்.

கடைசி வாரம் அவர் பன்னிரண்டாவதாக, மூச்சை இழுத்து 'டொக்'கென்று நிற்கும் இந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தார். நாளெல்லாம் அதே. வேர்த்துக் கொட்டும், கண்ணில் நீர் வழியும், விடமாட்டார்.

"இது வாணாங்க. மூச்சு வாங்குது பாருங்க. இருக்கறது போதும், எதுக்கு இந்த பேஜாரு?" என்று தாளைச் சுருட்டிவிட்டாள்.

வாசற்படியில் நின்றிருந்த மகள் சுகன்யா கேட்டாள். "அம்மா, அப்பா உன்னப் பாக்கலயே. வேற எங்கயோ பாத்துகினுதானே சத்தம் போடறாரு?"

"சும்மா இருடி."

இரண்டே நாளில் போய்விட்டார். என்னவோ சொல்லவந்தவரை ஒரு எழுத்துகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்பது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்று காலைதான் சுகன்யா வேலூருக்கு பஸ் ஏறினாள். வீட்டில் இவள் மட்டும்.

மறுபடியும் அந்த மூச்சு.

பயம் வரத்தான் செய்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து, தாளைக் காலிக் கட்டில்மேல் விரித்து, பென்சிலால் பன்னிரண்டாவது எழுத்துக்குக் கட்டங்களை நிரப்பினாள்.

"இந்தாங்க, சேத்துட்டேன். இப்ப சொல்லுங்க. என்ன சொல்ல வந்தீங்க?"

சத்தம் வந்தது. கட்டிலிலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து.

கை நின்றது. சுகன்யா சொன்னது சரி. அவர் பார்த்தது அவளை இல்லை. அவள் தோளுக்கு மேலே. அது அவருடைய வார்த்தையே இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற ஏதோ ஒன்று போட்ட சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டியிருக்கிறார். எச்சரித்திருக்கிறார், பாவி மனுஷன். நாளெல்லாம்.

பிடரியில் ஈரக்காற்று. ஊறிப்போன துணியின் வாடை. தாளின்மேல் ஒரு நிழல் குனிந்தது.

"ம்."

அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

"ஊ."

படிக்கிறது. ஒவ்வொன்றாக. அவர் குரலில். பதினொன்றும் முடிந்தன. பன்னிரண்டாவது அதற்கே சொந்தம்.

கொஞ்சம் பொறுத்து, கனிவாக:

"யா-மா."

அவர் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசல் நாலே எட்டு. எழுந்து ஓடலாம். ஆனால் பதினெட்டு நாளாக அப்படி அவளை யாருமே கூப்பிடவில்லை.

"என்னங்க?" என்று திரும்பினாள்.

முகத்தோடு முகம் ஒட்டக் குனிந்திருந்த அதில், ஒருபக்கம் கோணிய அந்த வாய் மட்டும்தான் அவருடையது.