சுத்தம் செய்த நாள்

ஓலக்காட்டுப்புதூர் ஊராட்சியில் வேலை நடக்கிறதோ இல்லையோ, வேலை நடந்ததாகச் சுவரில் எழுதுவது மட்டும் தவறாமல் நடக்கும். எழுதுகிறவன் நான்தான். என் பேர் பங்காரு, பெயிண்டர், சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். ஒரு முழச் சாக்கடைக்கு மூன்று முழத்தில் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறேன். பல்பே இல்லாத கம்பங்களுக்கு வரிசையாக நம்பர் போட்டிருக்கிறேன். மாதம் இரண்டு முறை குடிநீர்த் தொட்டியின் மேல் ஏறி, ‘சுத்தம் செய்த நாள்’ என்பதற்கு எதிரே பழைய தேதியை அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுவேன். தொட்டிக்கு நடக்கும் சுத்தம் அவ்வளவுதான்.

பிப்ரவரி நாலாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தேதியை மாற்றத்தான் போனேன். மஞ்சள் வெட்டி முடித்த காட்டுக்கு நடுவே, உயரமான தூண்களின் மேல் தொட்டி நின்றது. கீழே ஊராட்சி செயலர் கிருபாசங்கர் பைக்கில் சாய்ந்துகொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆபீஸில் ஏதாவது தேய்வது என்றால் அது ஒன்றுதான்.

“நாளைக்கு மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வாராங்க பெயிண்டரே. அஞ்சாந்தேதின்னு போட்டுருங்க” என்றார்.

மோட்டார் ரூம் நிழலில் மதிவதனி நின்றிருந்தாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆப்பரேட்டர் சின்னானின் மனைவி. சின்னானைக் காணாமல் நாளையோடு சரியாக ஒரு மாதம். கேரளாவுக்கு வேலைக்கு ஓடிவிட்டான் என்று செயலர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“ஏனுங்கண்ணா” என்று என்னிடம் வந்தாள். “அன்னிக்குக் காலையில தொட்டி கழுவப் போறேன்னு சொல்லிப்போட்டுத்தான் வந்தாருங்க. ஒருக்கா அந்த மூடியத் தொறந்து பாத்துப்போட்டு எழுதுங்கண்ணா. உள்ள இல்லைன்னா நான் இனி வர மாட்டேன்.”

செயலருக்குக் கோபம் வந்துவிட்டது. “எத்தனை தடவம்மா சொல்றது? போன மாசம் அஞ்சாந்தேதி கழுவியாச்சு, இருவதாந்தேதி கழுவியாச்சு. உள்ள ஆள் கெடந்தா கழுவுறவனுக்குத் தெரியாதா? மேல பாரு, தேதியே போட்டிருக்குது!”

இரண்டு தேதியையும் எழுதியவன் நான். முதல் தேதியை முந்தின நாளே எழுதிவிட்டேன், மறுநாள் ஆய்வு என்பதால். அவள் புகார் கொடுத்தபோது போலீஸும் இதே தொட்டியை அண்ணாந்து பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டு போனதாம். தண்ணீர் நாறுகிறது என்று பெண்கள் குடத்தோடு வந்து கேட்டபோது, புதுக் குழாய் வாசம் என்றார் செயலர். மோட்டார் தண்ணீர் இழுக்கும் கீழ்த்தொட்டியில் பிளீச்சிங் பவுடரை இன்னும் கொஞ்சம் அள்ளிக் கொட்டினார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

மேலே தொட்டியைச் சுற்றி ஓர் ஆள் நடக்கும் அளவுக்குத் திட்டு உண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் சுவரில் கை வைத்தபோது ஜில்லென்று இருந்தது. நிரம்பினால் வழியும் மேல் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறது. பிளீச்சிங் வாசம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசமும் இருந்தது.

பழைய தேதியை அழித்துவிட்டு பிரஷை நனைத்தேன்.

சரக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. தேங்காய் நார்ப் பிரஷால் பாசியைத் தேய்க்கும் சத்தம்.

சரக். சரக்.

புறாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. நிறைந்த தொட்டிக்குள் புறா என்ன செய்யும்? சத்தம் தொட்டியின் மறுகோடியிலிருந்து சுவரை ஒட்டியே மெதுவாக நகர்ந்து வந்தது. ஓர் இடம் விடாமல், மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. ஒழுங்காக வேலை செய்கிறவனின் கை அது. இந்த ஊராட்சியில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எனக்கு நேர் எதிரே வந்து நின்றது.

நான் ‘5’ என்று எழுதினேன்.

சரக்.

எழுதின இடத்துக்கு நேர் பின்னால் அழுத்தித் தேய்த்தது. என் கண் முன்னால் சிமெண்டிலிருந்து ஈரம் கசிந்து, பெயிண்ட் கரைந்து வழிந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி தேய்த்தது. மூன்றாவது முறையும் எழுத்து நிற்கவில்லை.

“ஆரது?” என்றேன்.

தேய்ப்பது நின்றது.

தலைக்கு மேலே இரும்பு மூடி மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ தூக்குகிறார்கள். பூட்டு தடுக்கும் வரை ஒரு விரற்கடை எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது.

தண்ணீருக்கு அடியிலிருந்து மூச்சு விடாமல் ஒருவன் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு குரல் வந்தது.

“பூட்டாதீங்க.”

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். செயலர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்னங்க, எழுதியாச்சா?” என்றார்.

மதிவதனி என் முகத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் ஒரு மாதமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். அத்தனை பேரும் என் எழுத்தைக் காட்டித்தான் அவளை விரட்டியிருக்கிறார்கள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். தொட்டியின் ஊர் பார்த்த பக்கத்தில், ஆள் உயர எழுத்தில் எழுதினேன்: ‘இந்தத் தொட்டி கழுவப்படவே இல்லை.’

அந்த எழுத்து கரையவில்லை.

அரைமணி நேரத்தில் ஊர் கூடிவிட்டது. செயலர் கத்திப் பார்த்தார், கேஸ் போடுவேன் என்று மிரட்டிப் பார்த்தார். கடைசியில் சாவியைக் கொடுத்தார். மூடியைத் திறந்தார்கள். சின்னான் உள்ளே இருந்தான். தேங்காய் நார்ப் பிரஷ் கையிலேயே இருந்தது.

செயலர் தரையில் குந்திவிட்டார். போன மாதம் ஐந்தாம் தேதி ஆய்வுக்கு ஆட்கள் வரும் நேரத்தில் மூடி திறந்து கிடந்ததாம். பார்த்தால் அசிங்கம் என்று அவரே ஏறிப் பூட்டினாராம். இறங்கி வந்து மோட்டாரையும் அவரே போட்டாராம். வாழ்நாளில் அவர் ஏணி ஏறியது அந்த ஒரு நாள்தான்.

“எனக்கு எப்படிங்க தெரியும்?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். “உள்ள ஆள் இருப்பான்னு ஆரு நெனைப்பா? எந்த ஊர்லங்க நெசமாவே எறங்கித் தொட்டி கழுவுறாங்க?”

செயலரை சஸ்பெண்ட் செய்தார்கள். நான்காவது மாதம் வேறு ஊராட்சியில் உட்கார வைத்தார்கள். பழைய தொட்டியை இடித்துப் புதுசு கட்டுவதாகச் சொன்னவர்கள், சுண்ணாம்பு அடித்து அதையே மறுபடி திறந்துவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். இல்லாதவர்கள் அதையேதான் பிடிக்கிறார்கள். சின்னானின் வேலையை மதிவதனிக்குக் கொடுத்தார்கள். இரக்கமாம்.

அங்கே இனி எழுதுவதில்லை என்று இருந்தேன். ஆகஸ்டில் அவளே போன் செய்தாள்.

“தேதி போடோணுங்கண்ணா. பொய்த் தேதி இல்லைங்க, வாங்க.”

ஐந்தாம் தேதி சாயங்காலம் போனேன். மோட்டார் ரூமில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குழாயைக் காலையிலேயே திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்திருந்தாள். மேலே மூடி திறந்து நிற்பது கீழிருந்தே தெரிந்தது. இப்போது அதற்குப் பூட்டே கிடையாதாம்.

“ஆருங்க கழுவுறது? கூலிக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?” என்றேன்.

“ஆரும் வரமாட்டேங்கறாங்க. எனக்கு ஏணி ஏற பயமுங்க” என்றாள். “ஏறோணும்னே இல்லைங்க.”

அப்போதுதான் காதில் விழுந்தது. மேலே, சுவரை ஒட்டி, ஓர் இடம் விடாமல்.

சரக். சரக்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எழுதாமலே போய்விடலாம், மோட்டாரைப் போட்டு அந்தச் சத்தத்தை அடக்கிவிடலாம் என்று தோன்றியது. என்னையறியாமல் ஸ்விட்சைத் தொடப் போனேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் மேலேயே இருந்தது.

“பொறுங்கண்ணா” என்றாள் ரகசியமாக. “அவரு இன்னும் எறங்கலைங்க.”