பச்சை விழுந்த வயிறு

விழிமீன் மறுபடியும் பச்சை விளக்கைக் காட்டியது. சிகாமணியின் வயிறு சுத்தமாம்! மூன்று வாரமாக மலம் கறுத்துப் போகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; அந்த வயிற்றுக்குத்தான் இந்த நற்சான்று. அவர் மனைவி டாக்டர் பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரிசியளவு இயந்திரம்தான் விழிமீன். மாதம் பிறந்தால் ஊரே வெறும் வயிற்றில் அதை விழுங்க வேண்டும். அது இரைப்பைச் சுவரைச் சுற்றிப் பார்த்து, புற்றுநோய் புள்ளியாக இருக்கும்போதே சுட்டுப் பொசுக்கிவிடும். அதை நம்பி மருத்துவமனைகள், வாய்வழியே இறக்கி வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டன. கல்லூரிக் கண்காட்சியறையில் மிஞ்சியிருந்த ஒன்றைச் சண்டை போட்டு வாங்கி வந்திருந்தாள் பொற்கொடி.

"பச்சைதானே காட்டுது? எதுக்கு இந்தப் பாம்பு?" என்றார் சிகாமணி.

"காலைல ஏதும் சாப்பிட்டீங்களா?"

"வெறும் வயிறுதான். ஒரு காபி, ரெண்டு இட்லி. அவ்வளவுதான்."

"மாசாமாசம் இப்படித் தின்னுட்டுத்தான் முழுங்குறீங்களா?"

"ஊரே அப்படித்தான். ரெண்டு இட்லியெல்லாம் ஒரு சாப்பாடா?"

அவளுக்குப் பழைய கூத்து நினைவுக்கு வந்தது. அவர் வயிற்றிலிருந்த இட்லித் துணுக்கைக் கட்டியென்று நினைத்து விழிமீன் சிவப்பு காட்ட, வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சிகாமணி தெருவையே திரட்டிக்கொண்டு போய் மறியல் செய்தார். விழிமீனைச் செய்தவர்கள் பயந்துபோய், புளியங்கொட்டையைவிடப் பெரிதாக எது தெரிந்தாலும் உணவு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தெருக்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள், அவரைக் கண்ணெதிரிலேயே பட்டினி போட்டு மருத்துவமனைக்கு அழைத்து வந்து, குழாயை இறக்கினாள். கடைசியாக அதைப் பிடித்தது மாணவியாக இருந்தபோது. திரையில் சிவந்த மேடு ஒன்று தெரிந்தது.

"சாப்பாடா டாக்டர்?" என்றாள் நர்ஸ் ரெஜினா.

பொற்கொடி தண்ணீரைப் பீய்ச்சினாள். உணவாக இருந்தால் நகர்ந்திருக்கும். இது ரத்தம் கசிந்தபடி அங்கேயே நின்றது. மாதாமாதம் உணவுக்கு அடியில் ஒளிந்து வளர்ந்திருக்கிறது. புளியங்கொட்டையைத் தாண்டி வளர்ந்த பிறகு விழிமீன் அதையே உணவென்று விலகிப் போயிருக்கிறது.

குழாய்வழியே நுழைத்த ஊசியால் மேட்டின் அடியில் உப்புநீரைச் செலுத்தினாள். மேலெழும்பினால் நோய் மேல்தோலோடு நிற்கிறது, உரித்தெடுத்துவிடலாம். எழும்பாவிட்டால் ஆழத்தில் வேர் விட்டிருக்கிறது. 'எழும்பு, எழும்பு' என்று அவள் உதடு முணுமுணுத்தது.

மெல்ல எழும்பியது.

கம்பியால் சுற்றிலும் அறுத்து, அடியோடு உரித்து வெளியே எடுத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ரெஜினாவின் முகம் வெளிறியிருந்தது. "டாக்டர், எங்க அம்மாவும் சாப்பிட்டுட்டுத்தான் முழுங்குவாங்க. பச்சைதான் விழுது."

"நாளைக்கே கூட்டிட்டு வா."

"நீங்க எப்படி முழுங்குவீங்க டாக்டர்?"

பொற்கொடி குழாயைக் கழுவத் தொடங்கினாள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் அவளும் அப்படித்தான் விழுங்கிவந்தாள். ஊரில் இருப்பது ஒரே குழாய். அதை இறக்கத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.