கிணற்றுக்குள் எழுதுகிறவள்

மூத்தவள் றுஸ்னா ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் திறப்புக் கொத்தை உம்மா கையில் தந்தபோது, படிக்க இடம் தருகிறா என்றுதான் நம்பினேன். கணித முதுமாணிக் கடைசிப் பரீட்சை கிட்டியிருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் வந்து போகும் சனத்துக்கு நடுவே ஒரு தேற்றம்கூட மண்டையில் ஏறாது.

ராத்தாவும் இதே பட்டத்துக்குத்தான் படித்தாள். கலியாணத்தோடு நின்றது. பிறகு, கிணற்றடியில் கால் வழுக்கி உள்ளே விழுந்து இறந்துபோனாள் என்றார்கள். மௌத்து வீட்டில் எவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுடைய மாப்பிள்ளை ஸஜாத் மச்சான் தன் தாயிடம் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது.

உள்ளே உப்பும் பூஞ்சணமும் மணத்தன. மதிய லுஹர் தொழுகை முடிந்து தெருவே அடங்கியிருந்தது. குசினி மேசையில் தாளை விரித்து எழுதத் தொடங்கினேன்.

சர்ர்... டக்.

கரும்பலகையில் வெண்கட்டி உரசுகிற சத்தம்.

பின்கதவைத் திறந்து பார்த்தேன். முற்றத்தில் ஒருவரும் இல்லை. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். ஓர் அலையும் இல்லாத தண்ணீர், அரிசி கழுவியதுபோல் வெளுத்திருந்தது.

ஓடியிருக்கலாம். எங்கே ஓட? வீட்டில் எனக்குக் கலியாணப் பேச்சு. அதற்கு இந்தக் கிணறு பரவாயில்லை.

திரும்பி வந்து எழுதினேன். நான் எழுத எழுத அதுவும் எழுதியது. ஒரு வரியில் சட்டென்று நின்றது.

அந்த வரியைப் பார்த்தேன். எல்லையையும் தொகையீட்டையும் இடம் மாற்றியிருந்தேன், அதற்கான நிபந்தனையைப் பார்க்காமல். வெட்டித் திருத்தினேன்.

சர்ர்... டக்.

அதன் பிறகு நாள்தோறும் போனேன். பின்கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதினேன். அது நின்றால் நான் பிழை. அந்தத் தீர்ப்பு ஒருநாளும் தவறவில்லை.

ஒரு பின்னேரம் உம்மா மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தா. அப்போதுதான் திறப்பு தந்த காரணம் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அதற்குள் வந்து இருப்பார். பெண் மௌத்தானால் மாப்பிள்ளையை வெளியே விடாமல், அடுத்த மகளை உள்ளே வைத்து அவருக்கே கலியாணம் முடித்துவிடுவார்கள். நான் அந்த வீட்டில் இருந்து பழகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நிக்காஹ் நாளும் வைத்தாயிற்று. பரீட்சை நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை.

"பரீட்சை பிறகும் வரும்தானே" என்றார் மச்சான். "றுஸ்னாவும் உன்னப் போலதான். விட்டா சுவரெல்லாம் கணக்குதான்."

சர்ர்.

மச்சானின் முகம் வெளிறியது. "தவளையாக்கும்" என்றா உம்மா.

அவர் கிணற்றைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். "அவள்ர சோக்குக் கட்டியெல்லாத்தையும் நான் இதுக்குள்ளதானே கொட்டினன்."

"கொட்டினதுக்குப் பிறகு என்ன நடந்த?" என்று கேட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். உம்மாவும் அவரைக் கேட்கவில்லை.

எனக்கு ஏலாது என்று வீட்டில் சொன்னேன். அழுதார்கள், ஏசினார்கள், பிறகு என்னை விட்டுவிட்டார்கள். அந்த நாளை மாற்றவில்லை. பெண்ணை மாற்றினார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த தங்கச்சி றிபா.

அவளை விடச் சொல்லி வாப்பாவோடு சண்டை பிடித்தேன். "நீ படிச்சவ, உன்ட பாட்டப் பாரு. அவளக் கெடுக்காத" என்றார். அந்தக் கிழமை முடியும் முன் மச்சான் ஆள் பிடித்து, கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி போட்டார்.

ஞாயிறு காலை, அந்தக் கிணற்று வீட்டில் மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்துகிற நேரத்தில் நான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒலுவில் பஸ்ஸில் இருந்தேன். ஒருவரும் என்னை வழியனுப்பவில்லை.

விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் போன் அடித்தது. றிபா.

"எழுதிட்டியா ராத்தா?"

"ஓம். அங்க என்ன?"

"காலையில இருந்து கிணத்துப் பக்கம் ஆரோ எழுதுற மாதிரி ஒரு சத்தம். மூடி போட்டும் கேட்டுக்கிட்டே இருந்த. வாப்பா வந்து சம்மதமா எண்டு கேட்டாரு. நான் ஓம் எண்டன்."

அவள் குரல் தாழ்ந்தது.

"அந்த நேரம் பாத்து சத்தம் நிண்டுட்டு, ராத்தா. ஏன்?"