பதினோரு பாராட்டுகள்

காலை பத்தேகாலுக்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டர் ஏறியது. கண் பார்க்கிற திலகம் சார் உள்ளே வந்தார், பையை வைத்தார், கண் பரிசோதிக்கும் இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சின்ன அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் சாய்வு நாற்காலி, மறுகோடியில் உள்ளே விளக்குப் போட்ட எழுத்துப் பலகை, நடுவில் லென்ஸ் துடைக்கும் திரவத்தின் நெடி. பலகையை அணைத்தால் பட்டப்பகலிலும் தன் கை தனக்கே தெரியாது. திலகத்துக்கு அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும். முதலாளி எட்டிப் பார்க்க மாட்டார். போனை எடுத்து நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம்.

கண் பார்ப்பது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலை வேறு. அது ஊரார் வலைப்பூக்களில் பின்னூட்டம் போடுவது.

‘பின்னூட்டத் திலகம்’ என்று எவனோ கிண்டலுக்கு வைத்த பெயர். இந்த மனுஷன் அதைப் பட்டம் என்று எண்ணிக்கொண்டு தன் வலைப்பூவின் நெற்றியில் பொறித்துக்கொண்டார். அவர் போனில் ஒன்பது வாக்கியங்கள் தயாராக இருந்தன. ‘அருமையான பதிவு!’, ‘ஆரம்பமே அசத்தல்’, ‘நடை பிரமாதம், தொடர்ந்து எழுதுங்கள்’, இப்படி. தலைப்பைப் பார்ப்பார், கடைசி வரியைப் பார்ப்பார், ஒன்பதில் ஒன்றை எடுத்து ஒட்டுவார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு நாற்பது. ஒருவர் தன் நாய் செத்துப்போனதை அழுது அழுது எழுதியிருந்தார். அதற்குக் கீழே ‘கலக்கிட்டீங்க, வாழ்த்துகள்!’ என்று போட்டுவிட்டு வந்த புண்ணியவான் இவர். பதில் என்ன வந்தது என்று ஒருநாளும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது, அடுத்தது காத்திருக்கிறதே!

இவ்வளவும் எதற்கு? அவர்களும் இவர் பக்கத்துக்கு வந்து ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார்கள் என்பதற்காக. வந்தார்கள், ஒட்டினார்கள். ‘மழையும் நானும்’ என்று அவர் எழுதிய மகா காவியத்துக்கு அறுபத்திரண்டு பாராட்டு. அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட இரண்டாவது வரியைத் தாண்டவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எண்ணி எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போவார். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

வீட்டிலும் இதே பிழைப்புதான்.

“ஏங்க, நான் இப்ப என்ன சொன்னேன்?” என்பாள் மனைவி.

“அருமைம்மா,” என்பார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

அன்றைக்கு இருட்டறையில் போனைத் திறந்ததும் அவர் பக்கத்தில் ஒரு புதுப் பின்னூட்டம் கிடந்தது. எழுதியவர் பெயர் ‘மாடி அறை’. நாலைந்து வரி இருக்கும்.

‘மழையைப் பற்றி எழுதும்போது ஜன்னல் கம்பியில் கடைசித் துளி விழாமல் தொங்குவதைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி நிஜம். மீதியெல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியது. அந்தத் துளியைப் போல இன்னும் இரண்டு எழுதுங்கள் சார்.’

திலகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடடா, ஒருவர் படித்திருக்கிறார்! முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறார்! கடையில் லென்ஸ் வெட்டுகிற பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நல்லா எழுதியிருக்காங்க சார்,” என்றாள் அவள். “ஆனா உங்களை வாரியிருக்காங்களே?”

“உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. இது விமர்சனம்.”

அதற்குப் பின் தினமும் ஒன்று வந்தது. நான்காம் நாள் வந்தது இது:

‘மனைவியின் சிரிப்பு என்ற பதிவைப் படித்தேன். அன்று அவர் கலகலவென்று சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை சார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.’

திலகம் இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவை ஒன்றைப் படித்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல்முறை. எவனோ தெரிந்தவன் விளையாடுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்று மதியம் ஒரு புதுப் பதிவைத் தொடங்கினார். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று அடித்தார். பிடிக்கவில்லை. அழித்தார். வெளியிடாமலே போனை மூடினார்.

ஐந்து நிமிஷத்தில் பின்னூட்டம் வந்தது.

‘அழித்துவிட்டீர்களே சார். நீங்கள் எழுதியதிலேயே அதுதான் நல்ல வரி.’

‘மாடி அறை’ என்ற பெயரை அழுத்தினார். ஒரு வலைப்பூ திறந்தது. மொத்தம் பதினோரு பதிவுகள். கடைசிப் பதிவின் தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

முதல் பதிவை, வேறு வழியில்லாமல், முழுதாகப் படித்தார்.

‘அப்பா போன மறுவாரம் அண்ணன் என்னை மாடி அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டான். ஒளித்து வைத்த பழைய போன் ஒன்று இருக்கிறது. சிம் கிடையாது. பக்கத்து வீட்டு இணைப்பு விட்டு விட்டு வருகிறது. இந்தப் பக்கம் மட்டும்தான் திறக்கிறது. யார் படித்தாலும் போலீசில் சொல்லுங்கள்.’ கீழே விலாசம்.

அதற்கும் கீழே ஒரே ஒரு பின்னூட்டம். பின்னூட்டத் திலகம் எழுதியது: ‘திகில் கதை அருமை! ஆரம்பமே அசத்தல்.’

அதற்கு அதை எழுதிய பெண்ணின் பதில்: ‘சார், இது கதை இல்லை. உங்களை எனக்குத் தெரியும். உங்கள் கடையில்தான் கண்ணாடி வாங்கினேன். தயவுசெய்து யாரிடமாவது சொல்லுங்கள்.’

இரண்டாவது பதிவு. ‘நடை பிரமாதம், தொடர்ந்து எழுதுங்கள்.’ பதில்: ‘சார், நிஜமாகவே சொல்கிறேன்.’

ஐந்தாவதில் அவள் கண்ணாடி உடைந்திருந்தது. அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் தாறுமாறு. ஆனாலும் ஒவ்வொரு பாராட்டுக்கும் பதில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்துக்கு வந்துபோன ஒரே மனித ஜன்மம் இவர்தான். அவள் வேறு யாரிடம் கெஞ்சுவாள்?

பதினோராவது பதிவில் இரண்டே சொற்கள்.

‘தண்ணி இல்ல.’

அதன் கீழே திலகம்: ‘சுருக்கமாக, நச்சென்று இருக்கிறது. வாழ்த்துகள்!’

அதற்கு மட்டும் பதில் இல்லை.

வாடிக்கையாளர் அட்டைகள் இருக்கும் டிராயரைத் துழாவினார். இருந்தது. அதே விலாசம். அட்டையிலிருந்த எண்ணுக்கு அடித்தார். கரகரத்த ஆண் குரல் எடுத்தது.

“தங்கச்சியா? அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க. உடம்புக்கு முடியாம போயிட்டா. நீங்க யாரு?”

திலகம் சட்டென்று வைத்துவிட்டார்.

லென்ஸ் பெண் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்தாள்.

“சார், இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாம். இதைவிட என்ன சாட்சி வேணும்? அந்த ஆளு வெளியில ஜம்முனு திரியறான்.”

“போலாம், போலாம்.”

“எப்ப சார்?”

“எனக்கு எதுக்கும்மா வம்பு? கீழ என் பேரு பதினோரு இடத்துல இருக்கு. நாலு பேரு பாத்தா என்னை என்னன்னு நினைப்பாங்க?”

ஒரு பெண் தாகத்தில் செத்திருக்கிறாள். இந்த ஆசாமிக்குத் தன் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை! லென்ஸ் பெண் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

திலகம் இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மதியம் மூன்று மணி. வெளியே தெருவில் வண்டிகள் போய்வந்தன. பாராட்டுகளை அழித்துவிட்டால் தீர்ந்தது, பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

முதலாவதை அழித்தார்.

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது.

பழைய நாற்காலி, ஸ்பிரிங் தளர்ந்தது. அவர் நிமிரவில்லை. இரண்டாவதை அழித்தார். லென்ஸ் திரவத்தின் நெடி மெல்ல மெல்ல மங்கி, வேறொரு வாடை வந்தது. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையின் வாடை. குளிக்காத தலைமுடியின் வாடை.

எழுத்துப் பலகையின் விளக்கு தானாக எரிந்தது.

“முதல் வரியிலிருந்து படிக்கவா சார்?”

தினமும் அந்த நாற்காலியில் உட்காருபவர்கள் கேட்கிற சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தக் குரலில் ஈரமே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கேட்டது.

“திகில் கதை... அருமை. ஆரம்பமே... அசத்தல்.”

அவர் விரல் அழித்துக்கொண்டே இருந்தது. மூன்று. நான்கு. அவர் அழிக்க அழிக்க, அழித்ததை அவள் படித்தாள்.

“நடை... பிரமாதம்.”

ஏழு.

“கலக்கிட்டீங்க.”

எட்டு. ஒன்பது.

கதவை யாரோ தட்டினார்கள். லென்ஸ் பெண்தான்.

“சார், உள்ள யாரு? பேச்சுக் குரல் கேக்குதே?”

பத்தாவதும் போனது.

நாற்காலியில் இருந்தது முன்னால் சாய்ந்தது. பலகை வெளிச்சத்தில் ஒரு கை தெரிந்தது. நகமெல்லாம் சுண்ணாம்பு அடைந்து கிடந்தது.

“கடைசி வரி ரொம்பச் சின்ன எழுத்து சார். கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல. இந்தத் தடவை நீங்க படிங்க.”

‘தண்ணி இல்ல.’ ரெண்டே சொல். ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். அதுகூட இந்த மனுஷனுக்கு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பதினொன்றாவதையும் அழித்தார், தாழ்ப்பாளைப் பிடுங்காத குறையாக இழுத்துத் திறந்தார், செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.

இன்ஸ்பெக்டர் மேசையில் ஒரு கணினி. அதில் ‘மாடி அறை’யின் கடைசிப் பதிவு. அதன் கீழே பின்னூட்டத் திலகத்தின் பெயரில், அழித்த பதினொன்றுக்குப் பிறகு பன்னிரண்டாவதாக ஒன்று, இரண்டு பக்கத்துக்கு. வீட்டு விலாசம், அண்ணன் பெயர், சோறு நின்ற தேதி, தண்ணீர் நின்ற தேதி, சாவுக்குப் பிறகு யார் யாரிடம் என்ன பொய் சொன்னான் என்பது வரை. ஸ்டேஷனுக்கே அதை அனுப்பியும் இருந்தது.

“பிரமாதமா எழுதியிருக்கீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “இதை வச்சுத்தான் அவனைத் தூக்கினோம். நீங்க எழுதினதுதானே?”

கேளுங்கள் கூத்தை. நேற்று தெருவில் வெறுங்காலோடு ஓடிய இந்த ஆள், பாராட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆமா சார். ஏதோ நம்மால முடிஞ்சது.”

“கடைசி வரைக்கும் படிச்சுப் பாத்தீங்களா?”

படிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். கடைசிப் பத்தியில் இருந்தது: ‘அவள் பதினோரு முறை என்னைக் கூப்பிட்டாள். நான் ஒருமுறையும் படிக்கவில்லை. படித்ததாகச் சொன்னேன்.’

“அந்தப் பொண்ணு மாடி அறையில அலமாரிக்குப் பின்னால சுவத்தைச் சுரண்டி எழுதியிருந்தாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “அலமாரியை நகத்துனப்பறம்தான் எங்களுக்கே தெரியும். அதைச் சொல்லுக்குச் சொல் இதுல எழுதியிருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மூன்று நாள் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும், பூட்டிய டிராயரில் போன் கிடக்க, அவர் பெயரில் பின்னூட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் நிதானமாக, எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு எழுதியவை. நாய் செத்த மனிதருக்கு ஒரு பக்கம் எழுதியிருந்ததாம். அவர் அழுதுகொண்டே நன்றி சொல்லியிருந்தாராம்.

மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

“எங்கேம்மா கிளம்பிட்ட?”

“அக்கா வீட்டுக்கு. திரும்பி வரதா இல்ல.” அவள் குரலில் கோபமே இல்லை. “நான் நாலு வருஷமா வலைப்பூ எழுதுறேன், தெரியுமா? பேரு போடாம. வீட்டுல யார்கிட்டயும் பேச முடியாததையெல்லாம் அதுலதான் எழுதினேன். நீங்க அங்கயும் வந்து ‘சூப்பர்’னு போட்டீங்க. முப்பது தடவை.”

திலகம் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

“இன்னிக்குக் காலைலதான் உங்க பேருல ஒழுங்கா ஒண்ணு வந்துச்சு.” போனை நீட்டினாள்.

‘நான்கு வருஷத்தையும் படித்தேன் அக்கா. ஒரு வரி விடவில்லை. உங்கள் வீட்டுக் கதவுக்கு யாரும் தாழ்ப்பாள் போடவில்லை. அது உங்களுக்கே மறந்துவிட்டது...’

“இது நான் இல்லம்மா! சத்தியமா நான் எழுதல!”

“தெரியும்ங்க,” என்று போனை வாங்கிக்கொண்டாள். “நீங்க இவ்வளவு படிக்க மாட்டீங்க.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

“கடைசி வரிதான் எனக்குப் புரியல. யாருங்க அது?”

“என்ன... என்ன வரி?”

அவள் படித்தாள்.

“‘நீங்கள் தைரியமாகக் கிளம்புங்கள் அக்கா. இவரை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.’”

அவள் படியிறங்கிப் போனாள். அவர் வாசலிலேயே நின்றார். வீட்டுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.