காலைப் பிடித்தவர்

"ஆர் மாமா என்ரை காலைப் பிடிச்சிருக்கிறது? கை சரியான குளிர்."

பத்மாசினி கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல, எக்ஸ்றே எடுக்கும் தம்பிஐயாவுக்கு நேரமில்லை. டொக்டர் அவளுடைய தொடையில், எக்ஸ்றேயில் தெரியும் மருந்தை ஊசியால் ஏற்றிவிட்டார். அது இரத்தத்தோடு ஓடும்போதே அடுத்தடுத்து மூன்று எக்ஸ்றே எடுக்க வேண்டும். படத்துக்குப் படம் மருந்து எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்தால் இரத்தத்தின் ஓட்டம் தெரியும். பாதம் வரை இறங்கினால் ஷெல் பட்ட கால் தப்பும். இல்லாவிட்டால் இன்றைக்கே முழங்காலோடு எடுத்துவிடுவார்கள். அக்காவின் ஒரே பிள்ளை, இன்னும் இருபது கூட ஆகவில்லை.

எடுத்து முடித்ததும் டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போனார். தம்பிஐயா படங்களைக் கழுவ இருட்டறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினான். வெளியே மத்தியான வெயில் கொளுத்த, உள்ளே மங்கிய சிவப்பு விளக்கும், தட்டுகளில் கிடந்த படம் கழுவும் திரவத்தின் புளித்த நாற்றமும், சுவருக்கு அப்பால் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றரும்தான் இருந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலை யாரும் பிடிக்கவில்லை.

ஆனால் படம் எடுக்கும்போது அவன் சொல்லியிருந்தான். வாய்ப் பழக்கத்தில், "ஏரம்பண்ணை, பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று.

நோயாளியை அசையாமல் பிடிப்பது ஏரம்புவின் வேலை. வல்வெட்டித்துறைக்காரர். வள்ளக் கயிற்றில் சிக்கி மோதிர விரலில் பாதியை இழந்தவர். போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஷெல் விழுந்து செத்துப்போனார். எக்ஸ்றே கதிர் படாமல் அவர் போடும் ஈயக் கவசம் இன்னும் கட்டிலருகே ஆணியில்தான் தொங்குகிறது.

முதல் படம் தெளிந்தது. மருந்து முழங்கால் வரை.

இரண்டாவது. கணுக்கால் வரை. 'முருகா, கால் தப்பிவிடும்.' தம்பிஐயாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது படத்தில் பாதம் வெறுமையாக இருந்தது. மருந்து கணுக்காலில் திரும்பியிருந்தது. வெளியே. தோலைத் தாண்டி. ஐந்து கிளையாக.

எலும்பு இல்லை. இரத்தக் குழாய்கள் மட்டும். கணுக்காலைச் சுற்றி வளைத்த ஒரு கை.

மோதிர விரல் பாதி.

கையிலிருந்த படம் தட்டில் விழுந்தது.

"மாமா," கதவுக்கு அப்பால் அவளுடைய குரல் சோர்ந்து கேட்டது. "அந்த அண்ணையை விடச் சொல்லுங்கோ. இப்ப முழங்காலைப் பிடிக்கிறார்."

அவன் கதவைத் திறந்தான்.

ஆணி வெறுமையாக இருந்தது. கட்டிலின் காலடியில், ஈயக் கவசம் குனிந்து நின்றது.